தலைகீழ் மொழி எது?

“தமிழ் தலைகீழ் மொழி.”

இவ்வாறு நம் காது கேட்க ஒருவர் உரைத்தார். உரைத்தவர் அயலார் அல்லர், தமிழர், கற்றவர், நல்ல பதவியில் இருந்தவர். அவர் அச்சொல்லைச் சொன்ன இடமும் காலமும் நம் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை.

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் உள்ளது பாயான் லெப்பாஸ். 1935ஆம் ஆண்டில் அங்கே வானூர்தி நிலையம் அமைந்தது. 1972ஆம் ஆண்டு முதல் வயலும் தோப்பும் இருந்த நிலத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. கெடாவிலும் செபராங் பிறையிலும் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞரும் பெண்களும் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு அத்தொழிற்சாலைகளை நோக்கிப் புறப்பட்டனர். பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. அதற்குமுன் படகேறியே வந்தோம். நாமும் அவ்வாறு வந்தவரே.

நாம் வேலை பார்த்த இடத்தில் இயந்திரம் ஒன்றின்மேல் எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் எழுதியிருந்தார்கள். தமிழ்ப் பகுதி இது: “பொருள் சிக்கினால் மூடியைத் திறந்து கையால் எடுக்க கூடாது.” இடம் போதாமையால் ‘கூடாது’ என்னும் சொல் மட்டும் தனியே அடிவரியில் நின்றது. சில திங்கள் கழித்து இயந்திரத்தின்மேல் புதிதாக ஒரு தகட்டைப் பொருத்தினார்கள். அத்தகடு பலகையின் அடிவரியை மறைத்துவிட்டது. எஞ்சி நின்ற தமிழ் யாது? “பொருள் சிக்கினால் மூடியைத் திறந்து கையால் எடுக்க.”

‘வருக’, ‘அமர்க’, ‘எடுக்க’ என்பன தமிழில் வியங்கோள். தடையாக இருந்தது கட்டளையாக மாறிற்று. ‘எடுக்கக் கூடாது’ என்று முறைப்படி ஒற்று மிகுத்து எழுதியிருந்தால், அந்த ஒரு ககர மெய்யாவது ‘இன்னும் ஏதோ இருக்கிறது’ என்று கைகாட்டியிருக்கும். எழுதியவர் அதனையும் விட்டுவிட்டார்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, வேலைக்குச் சேர்ந்து ஒரு திங்களே ஆன பெண் ஒருத்தி அதைப் படித்தாள். அவள் மலாயும் அறிந்தவள். ஆயினும் தாய்மொழியில் எழுதியிருந்ததையே நம்பினாள். மூடியைத் திறந்தாள், கையை நீட்டினாள். இரண்டு விரல்களின் நுனி நசுங்கியது. “தமிழில் போட்டிருந்தது, அண்ணே. அதைத்தான் செய்தேன்” என்று அவள் நம்மிடம் சொன்னாள்.

விசாரணையில் மேலே குறித்த பெரியவர் அவளைப் பார்த்து, “நாங்கள் பலகை வைத்தோம், நீங்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை” என்றார். பின்னர் நம் பக்கம் திரும்பி, “ஆங்கிலத்தில் முதற்சொல்லே தடுக்கிறது. மலாயிலும் ‘ஜாஙான்’ என்னும் முதற்சொல்லே தடுக்கிறது. தமிழில் மட்டும் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். தமிழ் தலைகீழ் மொழி. அதைப் பலகையில் போட்டதே தவறு” என்றார். பலகையிலிருந்து தமிழை எடுத்துவிட்டார்கள்.

அன்று நாம் விடை கூறவில்லை; கூற அறியோம் என்பதே உண்மை. வெட்கம் மட்டுமே இருந்தது. அவ்வெட்கம் நம்மைப் படிக்கத் தூண்டிற்று. படித்ததில் கிடைத்த விடையை ஈண்டு வைக்கின்றோம்.

தலைகீழ் என்றால் எதற்குத் தலைகீழ்? முதலில் நாம் நிற்கும் ஊரின் பெயரையே நோக்குவோம். மலாயில் ‘பாயான்’ என்பது ஒருவகைக் கிளி. ‘லெப்பாஸ்’ என்றால் விடுபட்டது. நாம் ‘விடுபட்ட கிளி’ என்போம். மலாயர் கிளியை முதலில் வைத்து, அது விடுபட்டதைப் பின்னர்ச் சொல்வர். அண்டையிலுள்ள ‘புக்கிட் ஜம்புல்’ என்பதில் புக்கிட் என்பது குன்று. ஜம்புல் என்பது கொண்டை. நமக்கோ அது கொண்டைக் குன்று. பாயான் லெப்பாசிலுள்ள புகழ்பெற்ற சீனக் கோயிலை மலாயர் ‘தோக்கோங் ஊலார்’ என்பர். கோயில் முன்னும் பாம்பு பின்னும் நிற்கும். நாம் பாம்புக் கோயில் என்கிறோம். தீவின் பெயரே ‘பூலாவ் பினாங்’. பூலாவ் என்பது தீவு, பினாங் என்பது பாக்கு. ஆங்கிலத்தில் ‘பினாங் ஐலண்ட்’ எனத் தீவு பின்னுக்குப் போகும். ஹொக்கியன் பேசும் சீனரும் பாக்கை முன்வைத்துத் தீவைப் பின்வைத்தே இவ்விடத்தைப் பெயரிட்டனர். ஆக, இந்த ஒரு செய்தியில் தமிழனும் ஆங்கிலேயனும் சீனனும் ஒருபக்கம் நிற்கின்றனர். மலாயர் மறுபக்கம் நிற்கின்றார். இவருள் தலைகீழாக நிற்பவர் யார்?

இன்னும் சிறிது நீட்டிப் பார்ப்போம். ‘தோட்டப் பள்ளிக் கூரை மேலே’ என்று நம் பிள்ளை வீட்டில் சொல்கிறது. அதே பிள்ளை மலாயில், ‘டி ஆத்தாஸ் பும்போங் செகோலா லாடாங்’ என்கிறது. ஆத்தாஸ் என்பது மேலே, பும்போங் கூரை, செகோலா பள்ளி, லாடாங் தோட்டம். கண்ணாடியில் தெரியும் உருவம்போல ஒன்று மற்றொன்றை அப்படியே திருப்பி நிற்பதைக் காண்க. கண்ணாடியில் இடக்கை வலக்கையாகத் தெரிகிறது என்பதற்காக நம் கை பிழையாகுமா? கண்ணாடிதான் பிழையாகுமா? வீட்டிலும் பள்ளியிலுமாக ஒரு நாளில் நூறு முறை இக்கண்ணாடியைக் கடந்து செல்கிறது நம் பிள்ளை. அதன் அறிவுக்கு அது பயிற்சி. அப்பிள்ளையை நோக்கி ‘உன் மொழி தலைகீழ்’ என்பவர், அது செய்யும் அரும்பணியை அறியாதவர்.

பெயர் கிடக்க, வினைக்கு வருவோம். ‘நான் சோறு தின்கிறேன்’ என்பது தமிழ். ‘சாயா மாக்கான் நாசி’ என்பது மலாய். அங்கே தின்றல் நடுவிலும் சோறு கடையிலும் நிற்கும். பினாங்கு ஹொக்கியனில் ‘வா சியா புய்’ என்பதும் அவ்வரிசையே; ஆங்கிலமும் அவ்வாறே. இதில் தமிழ் மட்டும் தனித்து நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் ‘வந்த ஆள்’ என்பதை ஹொக்கியனில் ‘லாய் ஏ லாங்’ என்பர். வந்தமை முன், ஆள் பின். அப்படியே தமிழ்! மலாயிலோ ‘ஓராங் யாங் டத்தாங்’. ஆள் முன், வந்தமை பின். ஆங்கிலமும் இங்கே மலாயோடு சேரும். ‘அவர் ஆசிரியர்’ என்று சொல்லத் தமிழனுக்கு வினைச்சொல் வேண்டுவதில்லை, மலாயருக்கும் வேண்டுவதில்லை, ‘டியா குரு’ என்று இரண்டே சொற்களில் முடிப்பர். ஆங்கிலேயனுக்கோ ‘இருக்கிறார்’ என்னும் பொருள்படும் துணைச்சொல் இன்றி வாக்கியம் நில்லாது. இவ்வாறு நான்கு மொழிகளும் ஒன்றோடொன்று ஓரிடத்தில் கைகோக்கின்றன; மற்றோரிடத்தில் கைவிடுகின்றன. ஒரே ஒழுங்கு ஒருவருக்கும் சொந்தமன்று.

ஆயினும், தம் மொழியின் வரிசையே இயற்கை வரிசை என்று கருதும் செருக்கு மனிதனுக்குப் புதிதன்று. பெர்லின் நகரத்துக் கல்விக்கழகம் நடத்திய போட்டியில் 1784ஆம் ஆண்டு பரிசு பெற்றவருள் ஒருவர் ரிவரோல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர். செய்பவன், செயல், செயப்படுபொருள் என்னும் வரிசையே மனித அறிவின் நேர்வரிசை என்பதும், பிரெஞ்சு மொழியே அதைப் பிறழாமல் காக்கிறது என்பதும் அவர் கொள்கை. அவர் மொழியை ஈன்ற இலத்தீன் மொழி வினையைப் பெரும்பாலும் ஈற்றில் வைத்ததை அவர் பொருட்படுத்தவில்லை. மகன் தாயைத் தலைகீழ் என்றதை ஒக்கும் இது. நம் பதவியாளரும் அக்கொள்கையின் வழிவந்தவரே. ஆனால் ரிவரோல் தம் மொழியை உயர்த்தப் பேசினார். இவரோ தம் மொழியைத் தாழ்த்தப் பேசினார். வேறுபாடு அவ்வளவே.

உலகம் கூறுவது என்ன? மாத்யூ டிரையர் என்னும் மொழியறிஞர் 1,376 மொழிகளின் சொல்வரிசையைத் திரட்டித் தந்துள்ளார். அவற்றுள் தமிழைப்போல் செய்பவன், பொருள், வினை என்று நிறுத்துவன 564. ஆங்கிலம், மலாய்போல் வினையை நடுவில் வைப்பன 488. வினையை முதலிலேயே வைப்பனவும் உண்டு. வினை, செய்பவன், பொருள் எனச் செல்லும் மொழிகள் 95. ஒரு வரிசையிலும் உறுதியாக நில்லாதன 189. ஏனையவை சிலவே. ஜப்பானியமும் கொரியமும் துருக்கியும் இந்தியும் சிங்களமும் தமிழோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. தலைகீழ் மொழி என்று தமிழைச் சொல்பவர், இத்தனை மொழிகளையும் அவற்றைப் பேசும் கோடிக்கணக்கான மக்களையும் தலைகீழாக நிறுத்தியவர் ஆவார்.

இவ்வரிசைகள் குருட்டாம்போக்கில் அமைந்தனவும் அல்ல. ஜோசப் கிரீன்பர்க் என்பார் 1963இல் வெளியிட்ட ஆய்வில் முப்பது மொழிகளை ஒப்புநோக்கினார். நம் உடன்பிறப்பாகிய கன்னடமும், நம் அண்டைவீடாகிய மலாயும் அம்முப்பதில் அடங்கும். வினையை ஈற்றில் வைக்கும் மொழிகள், பெரும்பாலும், உருபையும் பெயருக்குப் பின்னே வைக்கின்றன என்று அவர் கண்டார். நாம் ‘வீட்டுக்கு’, ‘வீட்டில்’, ‘வீட்டின்மேல்’ என்கிறோம். மலாயர் ‘கெ ரூமா’, ‘டி ரூமா’ என்று முன்னே வைக்கின்றனர். தமிழில் அடை முன்னே வரும். அடையைத் தாங்கும் சொல் பின்னே வரும். பொருள் முன்னே வரும். அதைத் தாங்கும் உருபு பின்னே வரும். எல்லாச் சொற்களும் முன்னே வரும். அவற்றைத் தாங்கும் வினைமுற்று ஈற்றில் வரும். தாங்குவது பின்னே நிற்க வேண்டும் என்னும் ஒரே முறையால் வீடு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. இவ்வீட்டின் நிலைக்கதவைப் பிடுங்கி அயல்வீட்டுச் சுவரில் வைத்தால் பொருந்துமா?

சைகையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலம், சீனம், ஸ்பானியம், துருக்கி ஆகிய நான்கு மொழியினரை வாய்திறவாமல் கைகளால் மட்டும் நிகழ்ச்சிகளை விளக்கச் சொன்னார்கள். எல்லோரும் பெரும்பாலும் செய்பவன், பொருள், செயல் என்ற வரிசையிலேயே காட்டினர். சூசன் கோல்டின்-மெடோ என்பாரும் அவர் துணைவரும் இதனை 2008இல் வெளியிட்டனர். நெகேவ் பாலையில் அல்-சையித் என்னும் பெடுவின் சிற்றூரில், காது கேளாதோரிடையே தானே தோன்றி வளர்ந்த சைகைமொழி ஒன்றும் வினையை ஈற்றில் வைப்பதை 2005இல் ஆய்வாளர் எடுத்துரைத்தனர்.

இதைப் படித்தவுடன் நம் தோழருள் சிலர், ‘பார்த்தீரா! தமிழ் வரிசையே மனிதகுலத்தின் இயற்கை வரிசை. தமிழே உலகின் முதன்மொழி’ என்று மேடையேறப் புறப்படக்கூடும். வேண்டா. அது ரிவரோலின் பிழையைத் தமிழிற் செய்வதாகும். வினையை நடுவில் வைக்கும் 488 மொழிகளும் குழந்தைகளுக்கு எளிதாகவே வருகின்றன. அவற்றிலும் காதலும் கணக்கும் சட்டமும் குறைவின்றி நடக்கின்றன. தாழ்வு மனப்பான்மைக்கு மருந்து வீண்பெருமை அன்று, உண்மையே மருந்து.

மொழியின் அமைப்பு குருதியில் ஓடுகிறது என்று கருதுவோர்க்கும் ஒரு சொல். டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும் கைதிகளாகவும் இலங்கைக்குச் சென்றவர்களின் வழியினர், இன்றும் அங்கே மலாய் பேசுகின்றனர். ஆனால் அந்த மலாய் எவ்வாறு இருக்கிறது? வினை ஈற்றுக்குப் போய்விட்டது. ‘கெ ரூமா’ என்பது ‘ரூமாநங்’ ஆகிவிட்டது; ‘வீட்டுக்கு’ என்பதுபோல உருபு பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டது. சொற்கள் மலாய், கட்டடம் தமிழரோடும் சிங்களவரோடும் பன்னூறாண்டு பழகிப் பெற்றது. இதற்கு நேர்மாறாக மலாக்காவைப் பாருங்கள். தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் சிவனையும் அம்மனையும் வழிபடுகின்றனர், பொங்கல் கொண்டாடுகின்றனர், வீட்டில் பேசுவதோ மலாய். அங்கே மலாயர் தமிழர்போல் வாக்கியம் அமைக்கின்றனர். இங்கே தமிழர் வழிவந்தோர் மலாயர்போல் அமைக்கின்றனர். எங்கே போயிற்று குருதி? அண்டைவீடும் சந்தையும் திருமணமும் பள்ளிக்கூடமும் அன்றோ வாக்கியத்தை அமைக்கின்றன?

நிற்க. தமிழ் வாக்கியத்தின் ஈற்றில் வினைமுற்று செய்யும் தொழில் யாது என்பதைச் சிறிது நோக்குவோம். ‘விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுவைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தார்.’ எழுந்து, போய், வெட்டி, எடுத்து என்பனவெல்லாம் எச்சம். எச்சம் என்றால் குறை. இன்னும் நிறைவு வரவில்லை என்பது பொருள். முற்று வந்தபின்தான் அக்குறை தீர்கிறது. நம் முன்னோர் ஏடுகளில் நிறுத்தக் குறிகள் இட்டு எழுதவில்லை. இன்று நாம் காணும் குறிகள் அச்சு வந்தபின் பரவியவை. ஆறுமுக நாவலர் போன்றோர் உரைநடையில் அவற்றை ஆண்டு காட்டினர். அதற்குமுன் படிப்போர் எவ்வாறு பொருள் கொண்டனர்? முற்றுச்சொல்லே முற்றுப்புள்ளியாக நின்றது.

முற்று இன்னொரு பொறுப்பையும் தாங்குகிறது. ‘வந்தார்’ என்னும் ஒரு சொல்லில் காலம் இருக்கிறது, இடம் இருக்கிறது, எண் இருக்கிறது, மனிதரா அஃறிணையா என்பது இருக்கிறது. இவற்றோடு மதிப்பும் இருக்கிறது. மலாய் வினையில் இது கிடையாது. அரசன் வந்தாலும் ஆண்டி வந்தாலும் ‘டத்தாங்’ என்பதில் மாற்றமில்லை. மதிப்பை மலாயர் வேறு சொற்களால் காட்டுவர். தமிழனோ வாக்கியத்தின் வாலிலே வைத்திருக்கிறான். ஆதலின் தமிழில் ஒருவனை இழிவுபடுத்தத் தனியே வசைச்சொல் வேண்டுவதில்லை. தோட்டத்துப் பெரட்டில் நரைத்த தலையரை ‘வாடா’ என்றார்கள். ஊரில் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட முதியவர், பத்து வயதுச் சிறுவன் வாயிலும் ‘வந்தான்’, ‘போனான்’ ஆகவே இருந்தார். சீர்திருத்தம் பேசிய நம் பெரியோர் மேடையில் நின்று கேட்டது என்ன? வாக்கியத்தின் ஈற்றில் உள்ள ஒரு மெய்யெழுத்தை மாற்றுமாறு கேட்டார்கள். ‘ன்’ என்னும் இடத்தில் ‘ர்’ வேண்டும் என்றார்கள். ஓரெழுத்து! அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது! இலக்கணம் வேறு, வாழ்வு வேறு என்பார் இதனைச் சிந்திப்பாராக.

இனி, பதவியாளர் கூற்றில் உண்மை சிறிதும் இல்லையா? உண்டு. தமிழில் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. ‘கூடும்’ என்பதும் ‘கூடாது’ என்பதும் கடைசியில்தான் தெரியும். உரையாடலில் இது கேட்பவனுக்குப் பொறுமையைக் கற்பிக்கிறது. பலகையிலோ, வால் அறுந்தால் உயிர் அறும். ஆனால் இது மொழியின் குற்றமா? அப்பலகையை எழுதியவர், ஆங்கில வாக்கியம் ஒன்றை எடுத்தார். அதன் பொருள் முழுவதையும் ஒரே தமிழ் வாக்கியத்தில் நிரப்பினார். ஆங்கிலத்தில் தலையில் இருந்த தடை தமிழில் வாலுக்குப் போகும் என்பதை எண்ணவில்லை. சொற்களைப் பெயர்த்தார், வாக்கியத்தைப் பெயர்க்கவில்லை.

இப்பிழை இந்நாட்டில் பழையது. 1796ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவைப் பலரும் அறிவர். அவருடைய முப்பாட்டனார் ஏமன் நாட்டு அராபியர். நாகூரில் வந்து தங்கி, அங்கே மணம் புரிந்தவர். அப்துல்லா சிறுவயதில் தமிழும் கற்றார். அக்கால மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக்கும் வாணிகத்துக்கும் தமிழ் கற்பது வழக்கமென்று, தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். கிறித்துவப் பாதிரியார்க்கு மலாய் கற்பித்து வந்த அவர், நற்செய்தி நூலின் மலாய் மொழிபெயர்ப்பில் தாம்சன் என்னும் பாதிரியாருடன் பணிபுரிந்தார். இருவர்க்கும் பிணக்கு மூண்டது. எதனால்? சொல்லால் அன்று, சொல்லை அடுக்கும் முறையால். மலாய்ச் சொற்களை ஆங்கில நடையில் நிறுத்த விரும்பினார் பாதிரியார். அது மலாய் ஆகாதென்று வாதாடினார் ஆசிரியர். ஜாலான் என்றால் மலாயில் வழி. ‘ஜாலான் பஹாசா’ என்றால் மொழி செல்லும் வழி. நாம் ‘நடை’ என்று கூறுவதும் அதுவன்றோ? தமிழும் மலாயும் அறிந்த அப்துல்லாவுக்கு, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழி உண்டென்பது விளங்கியிருந்தது. ஒருமொழி மட்டும் அறிந்தவனுக்கே தன் வழி ஒன்றே வழியாகத் தோன்றும்.

இன்று நம் செய்தித்தாள்களையும் அறிக்கைகளையும் பாருங்கள். ‘இக்கூட்டம் தலைவரால் தொடங்கி வைக்கப்பட்டது’ என்று எழுதுகிறோம். ‘தலைவர் கூட்டத்தைத் தொடங்கி வைத்தார்’ என்றால் என்ன குறை? ‘அவர் ஒரு ஆசிரியராக இருக்கிறார்’ என்று எழுதுகிறோம். ‘அவர் ஆசிரியர்’ என்று மலாயர் சுருங்கச் சொல்வதுபோல் நாமும் சொல்லலாமன்றோ? அயற்சொல் வந்து சேர்வதைக் கண்டு சீறுவோர் பலர். சொல் விருந்தாளி, வரும், இருக்கும், ஒருநாள் வீட்டுப் பிள்ளையாகவும் ஆகும். வாக்கியமோ வீட்டின் தூண். விருந்தாளியைக் கண்டு கூச்சலிட்டுக்கொண்டே, தூணை நாமே அறுக்கின்றோம்.

பலகையின் கதையை முடிப்போம். தமிழ் இல்லாமல் அப்பலகை இரண்டு வாரம் நின்றது. தோழர் சிலரோடு சென்று, தமிழை மீண்டும் எழுத வேண்டும் என்று வேண்டினோம். பலமுறை அலைந்தபின், “சுருக்கமாக எழுதித் தாருங்கள்” என்றார்கள். நாம் பெருமையோடு ‘கைவிடாதீர்!’ என்று எழுதிக்கொண்டு போனோம். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதைப் பார்த்தார். கெடாத் தோட்டத்தில் நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர். “யாரைக் கைவிடக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க, தம்பி?” என்று கேட்டுச் சிரித்தார். இலக்கணம் படித்த நாம் நாணினோம். அவரையே உடன் வைத்துக்கொண்டு திருத்தினோம். இறுதியில் பலகையில் ஏறியது இது:

“தொடாதீர்! இயந்திரத்தை நிறுத்துக. மேற்பார்வையாளரை அழைக்க.”

‘தொடாதீர்’ என்பது ஒரே சொல். அதுவே முழு வாக்கியம். செயல் அதில் உண்டு, தடை உண்டு, முன்னிலை உண்டு, மதிப்பும் உண்டு. ஆங்கிலத்துக்கு மூன்று சொல்லும் மலாய்க்கு இரண்டு சொல்லும் வேண்டும் இடத்தில் தமிழுக்கு ஒன்று போதும். முற்று ஈற்றில் வரும் என்பது உண்மை. ஆனால் ஒரே சொல்லாலான வாக்கியத்தில் ஈறும் முதலும் ஒன்றே. தமிழின் வழியிலேயே தமிழை நடத்தினால் எந்தத் தகடும் அதன் வாலை மறைக்க இயலாது.

அந்தத் தங்கை காயம் ஆறி வேலைக்குத் திரும்பிய நாளில், முதியவர் அவளை அழைத்துச்சென்று பலகையைக் காட்டினார். “நம்ம பலகை, பாரம்மா” என்றார்.

‘நாங்கள் பலகை வைத்தோம்’ என்றார் பதவியாளர். ‘நம்ம பலகை’ என்றார் முதியவர். கேட்பவரை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. கேட்பவரையும் அணைத்துக்கொள்வது ‘நாம்’. இலக்கணிகள் இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். மலாயிலோ ‘காமி’ என்றும் ‘கீத்தா’ என்றும் இரண்டு உண்டு. ஹொக்கியனிலும் இவ்வேறுபாடு உண்டு. வினையை வைக்கும் இடத்தில் வேறுபட்டு நிற்கும் இம்மூன்று மொழிகளும் ‘நாம்’ என்று சொல்லும் இடத்தில் ஒன்றாக நிற்கின்றன. பினாங்குத் தீவில் வாழும் மக்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டுமோ? எந்த மொழியும் தலைகீழாக நிற்கவில்லை. ஒரு பெண்ணின் கை நசுங்கியபின்னும் அவளை வெளியே நிறுத்தி ‘நாங்கள்’ என்று பேசும் மனமே தலைகீழாக நிற்கிறது. அதை நிமிர்த்துவோம்.